காயல் துறையும் நம் அமானிதமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

திருவண்ணாமலையில் நின்றால் கடல் தெரியாது. கிழக்கே வங்கக் கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை என்று பழந்துறைகளின் பெருமையைப் பெரியவர்கள் பேசும்போது, மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதனைக் ‘கடற்கரைக்காரர்களின் கதை’ என்று ஒதுக்கிவிடுவது இயல்பே. நமக்கு அதில் என்ன பங்கு என்று அவர்கள் கேட்கலாம்.

அதற்கு விடையாக ஒரு சொல்லைக் காட்டலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தத் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர், கந்தரலங்காரத்தில் தம் கடவுளான முருகனை ‘இராவுத்தன்’ என்று அழைக்கிறார். திருப்புகழில் ‘சலாம்’ என்ற சொல்லையும் ஆள்கிறார். இராவுத்தன் என்றால் குதிரை வீரன். இன்று தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் வாழும் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்களின் பெயரோடு ‘இராவுத்தர்’ என்று ஒட்டியிருப்பது அதே சொல்தான். கடல் தெரியாத மலையூரில் இருந்த ஒரு சைவப் புலவர் தாம் போற்றும் தெய்வத்திற்கு அப்பெயரைச் சூட்டும் அளவுக்கு, குதிரையும் குதிரையோடு வந்த மனிதர்களும் இந்நாட்டின் அன்றாட வாழ்வில் கலந்திருந்தார்கள்.

இதே ஊரோடு இணைத்துப் பேசப்படும் மாணிக்கவாசகரின் வரலாறும் குதிரையில்தான் தொடங்குகிறது. திருவெம்பாவையை அவர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. பாண்டிய அமைச்சராக இருந்த அவர், குதிரை வாங்குவதற்காக அரசன் கொடுத்த பொன்னோடு கடற்கரை நோக்கிச் சென்றவர் என்றும் அம்மரபு கூறுகிறது. ஆகத் துறைமுகத்தின் கதை மலையடிவாரத்தின் கதையும்தான். அத்துறைகளுள் உலகப் பயணிகள் பெரிதும் எழுதிவைத்த ஒன்று காயல்.

மரக்கலங்கள் நின்ற ஊர்

தாமிரவருணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த துறை காயல். கடலை ஒட்டிய உப்பங்கழிக்குக் காயல் என்று பெயர். ஊருக்கும் அதுவே பெயராயிற்று. பழைய கொற்கைத் துறையை ஆற்று மண் தூர்த்துவிட்டபோது, கடலை நோக்கி நகர்ந்த வணிகம் இங்கு வந்து நின்றது. வெனிசு நாட்டுப் பயணி மார்க்கோ போலோ கண்ட காயல், இன்றைய பழையகாயல் பகுதியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சற்றுத் தெற்கே உள்ள காயல்பட்டினம் அப்பெயரையும் அந்த வாழ்வின் நினைவையும் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது.

மார்க்கோ போலோ 1292ஐ ஒட்டித் தமிழகக் கரைக்கு வந்தார். காயலைப் பெரிய, சிறந்த நகரம் என்று அவர் வருணிக்கிறார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்தும் அரபு நாடெங்குமிருந்தும் குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றிவந்த கப்பல்கள் எல்லாம் இங்கே நங்கூரமிட்டன. அரசன் நீதி தவறாமல் ஆண்டதோடு, வணிகரையும் அயல்நாட்டாரையும் ஆதரித்ததால் அவர்கள் விரும்பி வந்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அக்காலத்தில் மதுரைப் பாண்டிய அரியணையில் இருந்தவர் மாறவர்மன் குலசேகரன்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு இன்னும் விரிவானது. கீஷ் தீவின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கத்தீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய மற்ற துறைகளையும் சேர்த்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். கடலில் இறந்துபோன குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் உறவினரான தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய அரசனின் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைகளை நிருவகித்தார். ஓர் இந்து அரசன் தன் நாட்டின் துறைகளை ஒரு முஸ்லிமின் பொறுப்பில் ஒப்படைத்திருந்தான் என்பதை நாம் நின்று நினைக்க வேண்டும்.

துறையின் அன்றாடம்

கப்பல்கள் காற்றுக்குக் கட்டுப்பட்டவை. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே கொண்டுவந்த கலம், திரும்பிச் செல்ல வடகிழக்குக் காற்றை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ஊர் உருவாயிற்று. மாதக்கணக்கில் தங்கிய அரபு வணிகர் தமிழ் பேசினர், இங்கே மணம் முடித்தனர், பள்ளிவாசல் எழுப்பினர். காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளில் பாண்டிய நாட்டுக் கல்தச்சரின் கைவண்ணத்தைக் காணலாம். உருவங்கள் இல்லை, ஆனால் தூணும் போதிகையும் தமிழ்நாட்டுக் கற்றளிகளின் முறையிலேயே அமைந்தவை. தொழுகைக்கு அணிவகுத்தவர்களின் தலைக்குமேல் இருந்தது தமிழ்க் கல்.

கப்பல்காரர்களின் சொற்களும் தமிழில் தங்கிவிட்டன. கலத்தைச் செலுத்துபவரை நாம் ‘மாலுமி’ என்கிறோம். அது ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். ‘சுக்கான்’ அரபிலிருந்து வந்தது. ‘நங்கூரம்’ பாரசீகத்திலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் இச்சொற்களைப் படிக்கும் எந்தக் குழந்தையும் இவற்றை அயற்சொல் என்று எண்ணுவதில்லை.

காயல் மக்கள் எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டிருந்ததை மார்க்கோ போலோ வியந்து குறித்திருக்கிறார். செல்வர்கள் கற்பூரமும் நறுமணப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்த்து மென்றார்களாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தாம்பூலத் தட்டு, நம் பாட்டிமார்களின் வெற்றிலைப் பெட்டியாக அண்மைக்காலம்வரை வீடுகளில் இருந்தது.

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் முத்துச் சலாபம். மே மாதத்தின் நடுப்பகுதிவரை அது நடந்தது. வணிகர்கள் கூட்டாகக் கலங்களை அமர்த்தி, கூலிக்கு ஆள் சேர்த்து நடுக்கடலில் நின்றார்கள். குளியாட்கள் நான்கு முதல் பன்னிரண்டு பாகம் ஆழம்வரை மூழ்கி, மூச்சு முட்டும்வரை சிப்பி அள்ளினார்கள். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகக் கூறியவருக்கு. பிற்காலத்தில் அவரைக் ‘கடல்கட்டி’ என்றார்கள். மன்னர்களின் கழுத்தில் ஒளிர்ந்த ஒவ்வொரு முத்தின் பின்னாலும், பெயர் எழுதப்படாத ஓர் ஏழையின் மூச்சு இருந்தது.

ஆண்கள் கடலிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஊரைக் கட்டிக் காத்தவர்கள் பெண்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அங்கே வந்து வாழும் வழக்கம் இன்றும் உண்டு. கணவன் பயணம் போனாலும், உம்மாவும் சகோதரிகளும் சூழ்ந்திருக்க அவள் தன் சொந்த வீட்டிலேயே இருப்பாள். வீடுகளின் பின்புறம் பெண்கள் சென்றுவரவென்றே ‘முடுக்கு’ எனப்படும் குறுகிய சந்துகள்; அவர்கள் கூடி ஓதத் தனித் தைக்காக்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் அவர்கள் மார்க்கம் படித்தார்கள். தொலைவிலிருந்து வந்த கடிதங்களும் அவ்வெழுத்தில் இருந்தன. விருந்து நாள்களில் இருவர் மூவராக ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பழக்கம் இன்றும் மாறவில்லை.

வட்டத்துக்குள் நின்ற அரசன்

இவ்வளவு பெரிய வணிகம் எதன்மேல் நின்றது? கடலின் அக்கரையில் இருப்பவரிடம் பொன்னைக் கொடுத்துவிட்டு, அடுத்த காற்றுக்காலம்வரை காத்திருப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். அதற்கு நம் மார்க்கத்தில் அமானிதம் என்று பெயர்.

தமிழகக் கரையில் தாம் கண்ட ஒரு வழக்கத்தை மார்க்கோ போலோ விவரிக்கிறார். கடன் வாங்கியவர் பலமுறை கேட்டும் கொடுக்காமல் நாள் கடத்தினால், கடன் கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடலாம். கடனைத் தீர்க்காமலோ தக்க பிணை கொடுக்காமலோ அவர் அந்த வட்டத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கடுந்தண்டனை. ஒருநாள் அரசனே ஓர் அயல்நாட்டு வணிகருக்குத் தர வேண்டிய தொகையைத் தராமல் காலம் தாழ்த்தியிருந்தான். அவன் குதிரைமேல் வந்தபோது, அந்த வணிகர் குதிரையையும் சேர்த்து அவனைச் சுற்றி வட்டம் வரைந்தார். அரசன் குதிரையை நிறுத்தினான். வணிகருக்குரிய பொருள் முழுவதும் வந்து சேரும்வரை அங்கிருந்து அசையவில்லை. இதனைத் தாமே நேரில் கண்டதாக அவர் எழுதுகிறார்.

படையும் கொடியும் உடைய அரசன் ஒருவன், கப்பலேறிப் போய்விடக்கூடிய ஓர் அயலாருக்காக மண்ணில் கீறிய கோட்டுக்குள் நின்றான். காயலின் உண்மையான செல்வம் அந்தக் கோடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. அதனை ஓதிவந்த வணிகரும், வட்டத்தை மதித்த அரசனும் ஒருவர் மொழியை ஒருவர் புரிந்துகொண்டதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கை கல்லிலும் எழுதப்பட்டது. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகர் கட்டிய ‘பிழார்பள்ளி’ என்ற பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னன் வரி நீக்கி நிலம் கொடுத்த செய்தி, திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. பள்ளிவாசலின் சொத்துக்குக் கோயிலின் சுவர் சாட்சி.

வலிக்கும் பக்கங்கள்

பழம்பெருமை பேசுவோர் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஏடுகளில் நமக்கு வலிக்கும் பக்கங்களும் உள்ளன. அவற்றையும் படிப்பதே நேர்மை.

இங்கு வந்த குதிரைகள் விரைவில் இறந்தன. வெப்பமும் பொருந்தாத உணவும் காரணங்கள். ஆனால் மார்க்கோ போலோ இன்னொன்றையும் சொல்கிறார். குதிரை வணிகர்கள் லாடம் கட்டி மருத்துவம் பார்ப்போரைத் தாங்களும் அழைத்து வருவதில்லை. வேறு யாரும் வருவதையும் தடுத்தார்கள். குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! இது ஒரு பயணி கேட்டு எழுதியது என்று நாம் ஒதுக்கலாம். ஆயினும் சந்தைக்குச் சென்ற நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்த ஹதீஸை அறிந்த நாம், இதனைப் படிக்கும்போது தலைகுனியத்தான் வேண்டும்.

இரண்டாவது பக்கம் திருவண்ணாமலையையே தொடுகிறது. ஹொய்சாள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் தன் கடைசிக் காலத்தில் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்தான். பெரிய கோயிலில் உள்ள வல்லாள கோபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதுரையில் அப்போது சுல்தான்களின் ஆட்சி. 1342–43இல் இருவருக்கும் போர் மூண்டது. அதனைச் சமயப் போர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. வல்லாளன் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக இப்னு பதூதா எழுதுகிறார்.

அப்போரில் எண்பது வயதான வல்லாளன் சிறைப்பட்டான். விடுதலை செய்வதாக வாக்களித்த சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி, அவனுடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டபின் அவனைக் கொன்றான். இறந்த உடலுக்கும் இழிவு செய்தான். அதனை மதுரையில் தம் கண்ணால் கண்டதாக இப்னு பதூதா கூறுகிறார். அவர் அந்தச் சுல்தானின் உறவினர். அவனுடைய விருந்தினராகவும் இருந்தவர். அவரே மறைக்காமல் எழுதியதை நாம் ஏன் மறைக்க வேண்டும்? வாக்கு மீறுவது நயவஞ்சகத்தின் அடையாளம் என்றும், எதிரியின் உடலையும் சிதைக்கக் கூடாது என்றும் கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். சுல்தானின் பெயர் அரபுப் பெயர் என்பதற்காக அவன் செயலை நாம் சுமக்க வேண்டியதில்லை. அதற்குச் சப்பைக்கட்டு கட்டவும் வேண்டியதில்லை.

திருவண்ணாமலை தன் மன்னனை மறக்கவில்லை. பிள்ளையில்லாத வல்லாளனுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து, ஆண்டுதோறும் மாசி மாதம் பள்ளிகொண்டாப்பட்டில் நீத்தார் கடன் செய்வதாக ஊர் மக்கள் கொண்டாடுகிறார்கள். நம் அண்டை வீட்டார் ஊர்வலமாகச் செல்லும் அந்நாளில், அதன் பின்னுள்ள வரலாறு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். வட்டத்துக்குள் நின்ற பாண்டியனும், வாங்கியபின் வாக்கை மீறிய சுல்தானும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் இதே தமிழ் மண்ணில் வாழ்ந்தவர்கள். இருவருக்குமிடையே இருந்தது மதவேறுபாடு மட்டுமா? ஒருவனிடம் அமானிதம் இருந்தது. மற்றவனிடம் அது இல்லை.

துறை தூர்ந்தபின்

காயல் உடனே வீழ்ந்துவிடவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து மிங் பேரரசின் கடற்படைத் தலைவர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த செங் ஹேயின் கலங்கள் இங்கே வந்தன. 1516ஐ ஒட்டி எழுதிய போர்த்துக்கீசியர் பார்போசாவும், முத்து வரியைக் குத்தகை எடுத்திருந்த செல்வாக்குமிக்க ஒரு முஸ்லிமை இங்கே குறிப்பிடுகிறார். ஊர் முஸ்லிம்களின் வழக்குகளை அவரே தீர்த்துவைத்தார். அரசன் அதில் தலையிடவில்லை.

பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வந்தது. கடலில் போர்த்துக்கீசியர் பீரங்கிகளோடு வந்து, தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கலங்களைப் பிடித்தார்கள். முத்துக் கரையைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். நிலத்தில் தாமிரவருணி தன் வண்டலைச் சுமந்து வந்து, கொற்கைக்குச் செய்ததையே காயலுக்கும் செய்தது. கடல் விலகியது, வணிகம் புன்னைக்காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் பழையகாயலுக்குச் சென்றபோது, உடைந்த ஓடுகளும் சீன, அரபு மட்கலச் சில்லுகளும் நிலமெங்கும் சிதறிக் கிடக்கக் கண்டார். பத்தாயிரம் குதிரைகளின் குளம்போசையில் மிஞ்சியவை அச்சில்லுகள்தாம்.

ஆனால் கல்வி தூர்ந்துபோகவில்லை. 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் கீழக்கரையில் விளக்கேற்றினார்கள். அதே காயலில் 1816இல் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத்தமிழில் எழுதிய நூல்கள், கடலூர்ப் பெண்களின் கையிலும் உள்நாட்டுப் பெண்களின் கையிலும் சேர்ந்தன. துறை அழிந்த பின்னும் துறையின் மனிதர்கள் பயன் தந்துகொண்டே இருந்தார்கள்.

எதற்காக ஏங்குவது?

அந்தக் காலத்தை நினைத்து நாம் ஏங்குகிறோம். முத்துக்கும் குதிரைக்கும் ஏங்கிப் பயனில்லை. முத்து குளியாளின் மூச்சை வாங்கியது. குதிரை போருக்குப் போனது. அமைச்சர் பதவியும் துறைமுக அதிகாரமும் வந்து போயின. நாம் ஏங்கத் தக்கது ஒன்றுதான்: ‘இவரிடம் கொடுத்தால் திரும்ப வரும்’ என்று அயலார் நம்மைப் பற்றியும், நாம் அயலாரைப் பற்றியும் உறுதியாக நம்பிய அந்த நிலை.

அதனை மீட்கத் துறைமுகம் வேண்டியதில்லை. பௌர்ணமி இரவில் கிரிவலம் வரும் ஒருவர் நம்மவர் கடையில் தண்ணீர் வாங்கும்போது, கூட்டத்தைப் பார்த்து விலை ஏறாமல் இருந்தால் அங்கே காயல் இருக்கிறது. தவணை சொன்ன நாளில் கடனைத் திருப்பிக் கொடுத்தால், பழுதான பொருளின் பழுதைச் சொல்லி விற்றால், வேலைக்காரருக்குரிய கூலியை நாள் கடத்தாமல் தந்தால் அங்கே காயல் இருக்கிறது. வாய்மையும் நம்பகமும் உடைய வணிகர் மறுமையில் நபிமார்களோடும் சித்தீக்குகளோடும் ஷஹீதுகளோடும் இருப்பார் என்ற நற்செய்தி திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. அதற்குக் கடல் வணிகர், மலையூர் வணிகர் என்ற பாகுபாடு இல்லை.

மக்காவை விட்டு வெளியேறிய இரவில், தம்மைக் கொல்லத் துடித்தவர்கள் ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை ஊரில் விட்டுச் சென்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த ஒரு செயலைச் சரியாகப் பின்பற்றியிருந்தால், வல்லாளன் உயிரோடு திருவண்ணாமலைக்குத் திரும்பியிருப்பான்.

இனி நம் பிள்ளைகளுக்குக் காயலைப் பற்றிச் சொல்லும்போது, குதிரைகளின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், மண்ணில் வரைந்த அந்த வட்டத்தையும் சொல்வோம். அதற்குள் நின்றவன் யார், அதனை வரைந்தவர் யார் என்று அவர்கள் கேட்பார்கள். இருவரையும் பற்றிச் சொல்வோம்.

நம் கொடுக்கல் வாங்கலை நேர்மையானதாகவும், நம் வாக்கை அண்டை அயலார் நம்பத் தக்கதாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.